'ஷ்யூர் தட்', 'ஷ்யூர் ஆஃப்', 'ஷ்யூர் டு': அந்த நிச்சயம் யாருடையது?

அணித் தலைவர் ஒருவரைப் பற்றிய இரண்டு ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். 'ஹி இஸ் ஷ்யூர் ஆஃப் வின்னிங்.' 'ஹி இஸ் ஷ்யூர் டு வின்.' முதல் வாக்கியத்தில், ஜெயித்துவிடுவோம் என்று நம்புகிறவர் தலைவர். எழுதுகிறவருக்கு அந்த நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவதில் நம்பிக்கை முழுக்க எழுதுகிறவருடையது. தலைவர் முந்தைய இரவு தூக்கமில்லாமல் புரண்டிருந்தாலும் 'ஷ்யூர் டு வின்' என்று எழுதலாம். 'ஹி இஸ் ஷ்யூர் தட் ஹி வில் வின்' என்று 'தட்' போட்டால் நம்பிக்கை மறுபடி தலைவர் பக்கம் வந்துவிடும்.

சிம்பிள், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியம் மாற்றும் பயிற்சியைப் பள்ளியில் நிறையச் செய்திருக்கிறோம். 'ஷ்யூர் ஆஃப் ஹிஸ் சக்ஸஸ்' என்பதை 'ஷ்யூர் தட் ஹி வில் சக்ஸீட்' என்று மாற்றினால் முழு மார்க். அந்த ஜோடிக்கு அது சரிதான். ஆனால் எப்படி எழுதினாலும் பொருள் ஒன்றுதான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து மனதில் தங்கிவிடுகிறது. அதைத்தான் கழற்ற வேண்டும். பெயரடைக்குப் பின்னால் 'தட்' வருகிறதா, 'டு' வருகிறதா, 'ஆஃப்', 'ஃபார்' போன்ற முன்னிடைச்சொல் வருகிறதா, வாக்கியத்தின் தலையில் ஆள் நிற்கிறாரா 'இட்' நிற்கிறதா என்பதைப் பொறுத்து, அந்த நிச்சயத்துக்கோ வருத்தத்துக்கோ யார் பொறுப்பு என்பது மாறுகிறது.

நிச்சயம் சொல்லும் சொற்களை முதலில் பார்ப்போம். 'ஐ ஆம் சர்ட்டன் தட்' என்றால் நான் நம்புகிறேன், அவ்வளவுதான். 'இட் இஸ் சர்ட்டன் தட்' என்றால் யார் பார்த்தாலும் நிலைமை அதுதான். 'சர்ட்டன்' இரண்டு இடத்திலும் பொருந்தும். 'ஷ்யூர்' 'இட்'டோடு பொருந்தாது, 'இட் இஸ் ஷ்யூர் தட்' என்று நம்மவர்கள் எழுதுவதுண்டு, நல்ல ஆங்கிலத்தில் அது இடறும். 'கான்ஃபிடன்ட்', 'கன்வின்ஸ்ட்' இரண்டுக்கும் முன்னால் ஆள் வேண்டும். 'ஆப்வியஸ்', 'ட்ரூ' இரண்டுக்கும் 'இட்' வேண்டும். 'லைக்லி' தாராளம்: 'இட் இஸ் லைக்லி தட் ஹி வில் கம்', 'ஹி இஸ் லைக்லி டு கம்' இரண்டும் சரி. ஆனால் பொருளில் அதற்கு நெருங்கிய 'ப்ராபபிள்', 'பாசிபிள்' இரண்டும் ஆளைத் தலையில் வைத்து 'டு' போட இடம் தராது. 'ஹி இஸ் பாசிபிள் டு கம்' தவறு. இதை விதி போட்டு விளக்குவதைவிட ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்துப் பழகிக்கொள்வதே நல்லது.

'டு'வா, 'இட் இஸ்... தட்'டா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நான் காட்ட விரும்பும் சான்று ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகள். அவற்றில் கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வரிவரியாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வெளியிடுவார்கள். அதனால் ஒவ்வொரு பெயரடையும் பேரம் பேசி வந்ததுதான். அங்கே 'லைக்லி' என்றால் 66 சதவீதத்துக்கு மேல், 'வெரி லைக்லி' என்றால் 90-க்கு மேல், 'எக்ஸ்ட்ரீம்லி லைக்லி' என்றால் 95-க்கு மேல்.

பூமி சூடாவதற்கு மனிதர்தான் காரணமா என்ற ஒரே கேள்விக்கு 2001 அறிக்கை சொன்ன பதில், வெப்ப உயர்வின் பெரும்பகுதி பசுங்குடில் வாயுக்களால் வந்திருக்கக்கூடும் என்பது: 'இஸ் லைக்லி டு ஹேவ் பீன் ட்யூ டு'. 2007-ல் அது 'இஸ் வெரி லைக்லி ட்யூ டு' ஆனது. இரண்டிலும் எழுவாய் வெப்ப உயர்வு; வாயுக்கள் வால் பகுதியில்தான் வருகின்றன. 2013-ல் வாக்கியமே மாறியது: 'இட் இஸ் எக்ஸ்ட்ரீம்லி லைக்லி தட் ஹ்யூமன் இன்ஃப்ளூயன்ஸ் ஹாஸ் பீன் தி டாமினன்ட் காஸ்'. 2021-ல் 'இட் இஸ் அனீக்விவோகல் தட் ஹ்யூமன் இன்ஃப்ளூயன்ஸ் ஹாஸ் வார்ம்ட் தி அட்மாஸ்ஃபியர், ஓஷன் அண்ட் லேண்ட்'. துளியும் ஐயமில்லை, மனிதச் செயல்பாடு காற்றையும் கடலையும் நிலத்தையும் சூடாக்கியிருக்கிறது.

பெயரடை படிப்படியாகக் கூர்மையானது எல்லோர் கண்ணிலும் படும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 'தட்' வந்ததும் அதற்குள் தனி எழுவாய்க்கு இடம் கிடைத்தது, அந்த இடத்தில் மனிதன் வந்து உட்கார்ந்தான் என்பது. அதோடு 'வீ ஆர் ஷ்யூர் தட்' என்று எழுதாமல் 'இட்' போட்டதில், இது விஞ்ஞானிகளின் சொந்த அபிப்பிராயம் என்று ஒதுக்கிவிடும் வழியும் அடைபட்டது. இந்த இடத்தில் 'இட்' நேர்மையான தேர்வு. ஆதாரம் கையில் இல்லாதவர் அதே 'இட் இஸ் சர்ட்டன் தட்' போட்டால் தன் ஊகத்தை உலகத்தின் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்; அவர் 'ஐ ஆம் சர்ட்டன்' என்று எழுதுவதே முறை.

உணர்ச்சிப் பக்கம் வந்தால் இதே 'தட்' வேறு வேலைக்கும் பயன்படும். ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொடுமைக்கு அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் நீடித்தது. 1999-ல் பிரதமர் ஜான் ஹோவார்டு கொண்டுவந்த நாடாளுமன்றத் தீர்மானம், பழங்குடி மக்கள் 'முந்தைய தலைமுறைகளின் நடைமுறைகளால்' அநீதிக்கு ஆளானார்கள் என்பதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. ஆங்கிலத்தில் அது 'ரிக்ரெட் தட்'. பெயரடைக்குப் பதில் பெயர்ச்சொல், ஆனால் அமைப்பு அதேதான். 'தட்'டுக்குள் எழுவாயாக நிற்பவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். செய்தவருக்கு முகமில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று அப்போதைய பிரதமர் கெவின் ரட் வாசித்த மன்னிப்பில், அடுத்தடுத்து வந்த நாடாளுமன்றங்களும் அரசுகளும் போட்ட சட்டங்களுக்காக என்று நேரடியாக வந்தது: 'வீ அப்பாலஜைஸ் ஃபார்'. அந்த வலிக்காக 'வீ சே சாரி' என்பதும் வந்தது. முன்னதைக் கேட்டு ஆறாத மனங்கள் பின்னதைக் கேட்டு அழுததற்கு இலக்கணமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

வீட்டிலும் அலுவலகத்திலும் இதே கதைதான். 'ஐ ஆம் சாரி தட் யூ வேர் ஹர்ட்' என்பது மன்னிப்பு ஆகாது. உங்களுக்கு வலித்ததே என்ற அனுதாபம் மட்டும். 'ஐ ஆம் சாரி ஃபார் ஹர்ட்டிங் யூ' மன்னிப்பு. 'ஐ ஆம் சாரி தட் ஐ ஹர்ட் யூ' என்பதும் மன்னிப்புதான், ஏனென்றால் 'தட்'டுக்குள் 'ஐ' இருக்கிறது. 'சாரி டு' இன்னொரு ரகம். பிரிட்டன் ரயில் நிலையங்களில் 'ஐ ஆம் சாரி டு அனவுன்ஸ் தட்' என்று தாமதத்தை அறிவிப்பார்கள். அதில் வருத்தம் ஒட்டியிருப்பது அறிவிக்கும் செயலோடு. பின்னால் வரும் 'தட்' கூட 'அனவுன்ஸ்' சொல்லுக்குத்தான் சொந்தம். வேலை கிடைத்த கடிதத்தில் வரும் 'ப்ளீஸ்ட் டு இன்ஃபார்ம் யூ தட்' என்பதும் அப்படியே.

'அஃப்ரெய்ட்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். கிணற்று மேட்டில் ஒரு சிறுவன் நிற்கிறான். 'ஹி இஸ் அஃப்ரெய்ட் டு ஜம்ப்' என்றால் குதிக்க பயம், குதிக்க மாட்டான். 'ஹி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்' என்றால் தவறி விழுந்துவிடுவோமோ என்ற பயம். இதை 'அஃப்ரெய்ட் டு ஃபால்' என்று எழுதினால், விழ விரும்பியும் துணிச்சல் வராத மாதிரி ஆகிவிடும். 'ஹிஸ் மதர் இஸ் அஃப்ரெய்ட் தட் ஹி வில் ஃபால்' என்றால் பயம் அம்மாவுடையது, விழப்போவது மகன். பயப்படுகிறவரும் பயத்துக்குரிய செயலைச் செய்கிறவரும் வேறு வேறு ஆள் என்றால் 'தட்'தான் தோது. தொலைபேசியில் வரும் 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் அவுட்' என்பதில் பயமே இல்லை. ஏமாற்றமான செய்தியைப் பதமாகச் சொல்வது. அங்கே 'தட்' பெரும்பாலும் வராது.

பேச்சில் 'ஷ்யூர்', 'கிளாட்', 'சாரி' போன்றவற்றுக்குப் பின்னும் 'தட்' சாதாரணமாக விழுந்துவிடும். அறிக்கையிலும் ஒப்பந்தத்திலும் விடாதீர்கள், அடுத்த வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று தேட வைக்கும். முன்னிடைச்சொல்லும் 'தட்'டும் சேர்ந்து நிற்காது: 'ஹாப்பி அபவுட் தட் ஹி பாஸ்ட்' தவறு, 'ஹாப்பி தட் ஹி பாஸ்ட்' போதும். 'ஐ ஆம் சர்ப்ரைசிங் தட்' என்பதும் தவறு. ஆளுக்கு 'சர்ப்ரைஸ்ட்', 'இட்'டுக்கு 'சர்ப்ரைசிங்'.

எதிர்மறையில் மட்டும் 'தட்'டுக்குப் போட்டியாக 'வெதர்' வரும். 'ஐ ஆம் நாட் ஷ்யூர் வெதர் ஹி இஸ் ரைட்' என்றால் அவர் சொல்வது சரியா இல்லையா என்பது எனக்குத் தெரியவில்லை. 'ஐ ஆம் நாட் ஷ்யூர் தட் ஹி இஸ் ரைட்' என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் அதை ஏற்கவில்லை, மரியாதைக்காக மென்மையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.