ராஃப்டிங் முகாம்: ஒரே இடத்தில் தங்குவதா, ஆற்றோடு நகர்வதா?

சேலத்தில் நாலு பேர் சேர்ந்து ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான ஆற்றில் துடுப்புப் போட்டுப் போவது) போகலாம் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு முழுக்க அலையைப் பற்றித்தான் ஓடும். படகு கவிழுமா, நீச்சல் தெரியாதவன் வரலாமா, எந்த ஆற்றில் வேகம் அதிகம்? ஒரு நாள் போய்வர இந்தக் கேள்விகள் போதும். ராத்திரி தங்கி மறுநாளும் துடுப்புப் போடும் பயணத்துக்குப் போதாது. அப்படிப்பட்ட பயணத்திலும் ஒரு நாளில் ஆற்றில் இருப்பது நாலைந்து மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கரையில். எங்கே படுப்பது, எங்கே ஒதுங்குவது, ஈரத்துணியை என்ன செய்வது என்பதில்தான் கூட்டாளிகளுக்குள் முகம் கோணும். அதனால் இங்கே அலையை ஓரமாக வைத்துவிட்டு முகாமை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, ஒரே இடத்தில் முகாம். கர்நாடகத்தில் தாண்டேலி பக்கம் காளி ஆறு, உத்தராகண்டில் ரிஷிகேஷுக்கு மேலே சிவபுரி, இரண்டும் இந்த வகை. பகலில் ஜீப்பில் ஏற்றிப்போய் ஆற்றில் இறக்குவார்கள். சாயங்காலம் அதே டென்டுக்குத் திரும்பலாம்.

இரண்டாவது, அரைக்கு அரை. பாகீரதியும் அலக்நந்தாவும் கலந்து கங்கையாகும் தேவப்பிரயாகையில் இறங்கி ரிஷிகேஷ் வரை சுமார் எழுபது கிலோமீட்டரை இரண்டு நாளில் முடிப்பது. நடுவில் ஒரு ராத்திரி தங்கல். பத்ரிநாத் சாலை ஆற்றை ஒட்டியே வருவதால் பெரும்பாலும் மூட்டை முடிச்செல்லாம் வண்டியில் வந்துவிடும்.

மூன்றாவது, முழுக்க ஆற்றோடு நகரும் முகாம். லடாக்கின் சன்ஸ்கார், நேபாளத்தின் சன் கோசி போன்றவை. டென்ட், அடுப்பு, அரிசி, பருப்பு எல்லாம் சாமான் ராஃப்டில் கூடவே மிதந்து வரும். தினமும் ஒரு புது மணல்திட்டில் இறங்கி, கூடாரம் போட்டு, காலையில் பிரித்துக்கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். சன் கோசியில் தோலாலகாட்டிலிருந்து சத்ரா வரை ஏறக்குறைய 270 கிலோமீட்டர். ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

ஒகேனக்கல் பரிசல் இந்தக் கணக்கில் சேராது. அங்கே பரிசல்காரர் பார்த்துக்கொள்வார், நாம் உட்கார்ந்து மீன் வறுவலைப் பற்றி யோசிக்கலாம். ராஃப்டில் கைடு "ஃபார்வர்டு" என்று கத்தினால் எல்லோரும்தான் துடுப்புப் போட வேண்டும். போடாவிட்டால் படகு பாறைப் பக்கம் திரும்பிவிடும்.

கரையேறிய பிறகு

முதல் வகையில் கரையேறியதும் வேலை முடிந்தது. டென்ட் ஏற்கெனவே நிற்கும், உள்ளே கட்டிலும் ரஜாயும் இருக்கும். டீயும் பக்கோடாவும் வரும். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் ஒட்டிய பாத்ரூமே உண்டு. டென்ட் என்று பெயர்தான், துணியால் கட்டிய லாட்ஜ் ரூம்.

மூன்றாவது வகையில் கரையேறியதும்தான் வேலையே ஆரம்பம். ராஃப்டிலிருந்து மேடு வரைக்கும் எல்லோரும் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி ஏற்றுவார்கள். "நான் காசு கொடுத்து வந்தவன்" என்று ஒதுங்கி நிற்பவனை அந்தக் கூட்டம் ராத்திரி வரை மறக்காது. அப்புறம் இடம் பிடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நேராகத் தண்ணீர் ஓரத்துச் சமதளத்துக்குத்தான் போவார்கள், பார்க்க அழகாக இருப்பதால். கைடு மேட்டுக்குத் துரத்துவார். காரணம் இருக்கிறது. சன்ஸ்கார் பனி உருகி ஓடும் ஆறு. பகல் வெயிலில் மேலே உருகிய பனி கீழே வந்துசேரப் பல மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் கால் நனையாத இடத்தில் நடுராத்திரி தண்ணீர் நிற்கலாம். அதனால்தான் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, தூங்கப்போகும் முன் மட்டம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ராஃப்ட்களை இழுத்து மேலே போட்டுப் பாறையிலோ மரத்திலோ கட்டுவதும் இதற்காகத்தான். ராஃப்ட் போய்விட்டால் அடுப்பும் அரிசியும் கூடவே போய்விடும்.

தேவப்பிரயாகை வழியில் இந்தப் பயம் வேறு மாதிரி. பாகீரதியில் டெஹ்ரி அணை இருக்கிறது, அலக்நந்தாவில் ஸ்ரீநகர் பக்கம் அணை இருக்கிறது. அணையிலிருந்து விடுவதைப் பொறுத்து மட்டம் ஏறி இறங்கும். மேட்டூரில் உபரிநீர் திறந்தால் கரையோரத்துக்கு எச்சரிக்கை கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ரிஷிகேஷ் பக்கத்தில் கங்கை மணலில் முகாம் போடத் தடை விதித்தது. அதனால் விளம்பரத்தில் "ஆற்று மணலில் ஒரு ராத்திரி" என்று பழைய படத்தைப் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்.

ஒதுங்குவது எங்கே

கூச்சப்பட்டு யாரும் கேட்காத கேள்வி இது. பதில் தெரியாமல் போய், முதல் ராத்திரியே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு.

முதல் வகையில் பிரச்சினையே இல்லை. இரண்டாவதிலும் பெரும்பாலும் கட்டிய கழிப்பறை இருக்கும். மூன்றாவதில், முகாமிலிருந்து தள்ளி, வெள்ளம் ஏறும் மட்டத்துக்கும் மேலே ஒரு குழி வெட்டி, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஒரு சின்ன டென்ட் போடுவார்கள். முடித்ததும் மண் அள்ளிப் போட வேண்டும். கதவும் தாழ்ப்பாளும் இல்லாததால் ஓர் எளிய ஏற்பாடு உண்டு: வழியில் ஒரு துடுப்போ வாளியோ வைத்திருப்பார்கள். போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது இடத்தில் இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பி வரும் வழியில் கை கழுவ சோப்பும், காலால் மிதித்தால் தண்ணீர் வரும் பம்பும் இருக்கும். இதில் மட்டும் கைடுகள் கறாராக இருப்பார்கள். ஒருவர் வயிற்றுப்போக்கு ஒரே நாளில் முகாம் முழுக்கப் பரவிவிடும், ஆஸ்பத்திரியோ இரண்டு நாள் தூரம்.

பேப்பர் வேண்டாம் என்றால் ஒரு பிளாஸ்டிக் சொம்பு எடுத்துப்போங்கள். உண்மையில் நம் பழக்கம்தான் அங்கே சுத்தம்; எரிக்கவோ சுமக்கவோ பேப்பர் மிஞ்சாது. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யனில் குழி வெட்டவே அனுமதி கிடையாது. எல்லாவற்றையும் மூடிய பெட்டிகளில் அடைத்து, பயணம் முடியும்வரை ராஃப்டிலேயே கொண்டுபோக வேண்டும். அதைப் பார்க்கும்போது இமயமலைக் குழி சொகுசு.

ஈரமும் குளிரும்

மேட்டூர்த் தண்ணீரில் குளித்துப் பழகியவர்களுக்குக் கங்கை முதல் அதிர்ச்சி. மே மாத வெயிலில் தலை கொதிக்கும், கால் விறைக்கும்; தண்ணீர் பனியிலிருந்து வருகிறது. காளி ஆறு அப்படியில்லை, நம் உடம்புக்குத் தோதான தண்ணீர். சன்ஸ்கார் இன்னொரு உலகம். அங்கே குளிரைத் தடுக்க உடம்போடு ஒட்டிப் போடும் வெட்சூட் இல்லாமல் இறங்கக் கூடாது.

ஒரே இடத்து முகாமில் நனைந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வேறு சட்டை மாட்டிக்கொள்ளலாம். நகரும் முகாமில் ஒரு சட்டம் உண்டு: ஆற்றுத்துணி ஒரு செட், முகாம்துணி ஒரு செட், இரண்டும் கலக்கவே கூடாது. முகாம்துணி தண்ணீர் புகாத டிரை பேக்கில், வாயை மூன்று மடிப்பு சுருட்டிப் பூட்டி, சாமான் ராஃப்டில் போய்விடும். சாயங்காலம் வரை கையில் கிடைக்காது. காலையில் மறுபடி அதே ஈர ஆற்றுத்துணியை உடம்பில் ஏற்ற வேண்டும். என்னைக் கேட்டால் ராஃப்டிங்கில் மிகக் கொடுமையான பகுதி அதுதான், எந்த அலையும் அதற்குக் கிட்டே வராது.

அதனால் ஆற்றுக்குப் பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்தால் கனக்கும், சாயங்காலம் வரை காயாது. ஜெர்சி மாதிரியான பாலியஸ்டர் போதும். செருப்பு பின்வார் உள்ளதாக இருக்கட்டும், ஹவாய் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். ஆனால் முகாமுக்கு ஒரு கைலி கட்டாயம். திறந்த மணல்வெளியில் துணி மாற்ற அதைவிட நல்ல அறை கிடையாது. வடக்கத்திக்காரர்கள் துண்டைப் பிடித்துக்கொண்டு தவிப்பதை வேடிக்கை பார்க்கலாம்.

சாப்பாடு, தண்ணீர்

சாப்பாட்டில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே போனாலும் ரொட்டி, தால், சோறு, உருளைக்கிழங்கு. நகரும் முகாமில் முதல் இரண்டு நாள் பச்சைக் காய்கறி. அப்புறம் பருப்பும் டின்னும். ஊறுகாயும் தட்டுவடையும் கொண்டுபோனால் மூன்றாம் நாள் உங்களுக்கு மரியாதை கூடும். குடிதண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பனியாற்றுத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் மண்டியாக வரும். பக்கத்து ஓடையில் பிடிப்பார்கள். ஓடை இல்லையென்றால் வாளியில் படிகாரம் போட்டு ராத்திரி தெளியவைத்து, காய்ச்சியோ வடிகட்டியோ தருவார்கள். நம் பாட்டிமார் தேத்தாங்கொட்டை உரைத்துச் செய்த அதே வேலை. தெளிந்துவிட்டது என்பதற்காகக் காய்ச்சாமல் குடித்துவிடாதீர்கள்.

ஏற்காட்டில் ஒத்திகை

"ஏற்காட்டில் டென்டில் தங்கியிருக்கிறேன், எனக்குப் பழக்கம்தான்" என்று சொல்கிறவர்கள் நிறைய. பாதி சரி. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏதாவது காபி எஸ்டேட்டில் டென்ட் போட்டால் குளிர் பழகும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில் குரங்குக்குல்லா இல்லாமல் முடியாது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் புரண்டு படுப்பது, இருட்டில் ஜிப்பைத் தேடுவது, பனியில் டென்ட் நனைந்து உள்ளே சொட்டுவது எல்லாம் அங்கேயே பழகிக்கொள்ளலாம்.

பழகாதது மணல். ஏற்காட்டு மண்ணில் முளையை அடித்தால் நிற்கும். ஆற்று மணலில் அடித்த முளை பிடிக்காது; கயிற்றைக் கல்லில் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு பையில் மணலை நிரப்பி, கயிறு கட்டிக் குழிக்குள் புதைக்க வேண்டும். பள்ளத்தாக்கில் பிற்பகல் காற்று கிளம்பும்போது இதன் அருமை தெரியும். சாப்பாட்டில், காதில், கேமராவில், ஸ்லீப்பிங் பேக்கில் எங்கும் மணல்தான். இன்னொன்று, ஏற்காட்டில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. அனுமதியுள்ள எஸ்டேட்டில்தான் போட வேண்டும், காப்புக்காட்டில் இஷ்டத்துக்குப் போட முடியாது. ஆற்று மணலில் காட்டெருமைக்குப் பதில் தேள். காலையில் ஷூவை உதறாமல் காலை விடக் கூடாது.

உயரத்துக்கு ஏற்காடு ஒத்திகை ஆகவே ஆகாது. அது சுமார் 1,500 மீட்டர், சன்ஸ்காருக்குப் போக இறங்கும் லே 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கி, குறைந்தது இரண்டு நாளாவது சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்கிய பிறகுதான் ஆற்றைப் பற்றிப் பேச வேண்டும். லீவ் கணக்குப் போடும்போது இந்த நாட்களை விட்டுவிடுகிறார்கள்.

யாருக்கு எது

சீசன் பாதி முடிவை எடுத்துவிடும். காளி ஆற்றில் அக்டோபரிலிருந்து கோடை வரை. ரிஷிகேஷில் செப்டம்பர் கடைசியிலிருந்து ஜூன் வரை. ஜூலை, ஆகஸ்டில் மழைவெள்ளத்தால் ராஃப்டிங் நிறுத்தம். சன்ஸ்காருக்கு நேர்மாறு: ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில் கூட்டம் கூடும் அதே சமயம்தான் அங்கே சீசன். தீபாவளியை ஒட்டி நீண்ட லீவ் எடுக்க முடிந்தால் சன் கோசி நல்ல தேர்வு. மழை முடிந்து தண்ணீரும் இருக்கும், விசாவும் வேண்டாம், உயரத் தொல்லையும் இல்லை.

குழந்தைகளோடு போகும் குடும்பம், மூட்டுவலிக்காரர்கள், அலைக்காக மட்டுமே வருகிறவர்கள் எல்லோருக்கும் தாண்டேலி போதும். சேலத்திலிருந்து பெங்களூர், ஹூப்ளி வழியாகக் காரிலேயே போய்விடலாம். ஒருவருக்குப் பிடிக்கவில்லையென்றால் அவர் முகாமிலேயே தூங்கலாம். நகரும் முகாமில் அந்த வசதி கிடையாது, முகாமே கிளம்பிவிடும்.

முதல் தடவை ராத்திரி தங்கிப் போகிறவர்களுக்கு என் ஓட்டு தேவப்பிரயாகைக்குத்தான். இரண்டு நதி கலக்கும் இடத்திலிருந்து கிளம்பலாம். முதல் நாளே நீளமான ஓட்டம். "வால்" என்று பெயர் வைத்திருக்கும் முரட்டு அலையும் இந்த வழியில்தான் வரும். தண்ணீர் அதிகமானால் கரையில் நடந்து தாண்டச் சொல்வார்கள். சாலை பக்கத்திலேயே இருப்பதால் உடம்பு முடியாவிட்டால் ஏறிவிடலாம். தேவப்பிரயாகை நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று, நம்மவர்களுக்குக் கண்டமென்னும் கடிநகர். வீட்டுப் பெரியவர்களிடம் அனுமதி வாங்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அவர்களையும் கூட்டிப்போய்க் கோயிலில் விட்டுவிட்டு நீங்கள் ஆற்றில் இறங்கலாம்.

அந்த ஒரு ராத்திரி பிடித்திருந்தால் அடுத்தது சன்ஸ்காரோ சன் கோசியோ. சன்ஸ்காரை ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்பேன். சன்ஸ்கார் பள்ளத்தாக்கு வழியாகப் போகும் நிம்மு, பதும், தார்ச்சா சாலை 2024இல் இணைக்கப்பட்டுவிட்டது. இத்தனை நாள் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடந்தும் மட்டுமே பார்த்த பள்ளத்தாக்கில் இனி லாரியும் ஓடும். அங்கே வாழும் மக்களுக்கு அது நல்லது. முகாமுக்குப் போகிறவர்களுக்குப் பழைய தனிமை குறையும்.

அட்வான்ஸ் கட்டும் முன் நடத்துகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கவிழ்ந்தால் ஆளைப் பிடிக்கத் தனியாகக் கயாக் (ஒருவர் ஓட்டும் சின்னப் படகு) வருமா? மூட்டை ராஃப்டில் வருமா, வண்டியில் வருமா? ஸ்லீப்பிங் பேக் அவர்களே தருவார்களா, எந்தக் குளிர் வரை தாங்கும்? போன் எடுக்காத பள்ளத்தாக்கில் யாருக்காவது அடிபட்டால் எந்த இடத்திலிருந்து எப்படி வெளியே கொண்டுபோவார்கள்? இந்தியாவில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது சட்டவிரோதம் என்பதால், "எங்களிடம் போன் இருக்கு சார்" என்றால் அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். காளி ஆற்றுக்குப் போகிறவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: அன்றைக்கு ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சூபா அணையில் தண்ணீர் விடாவிட்டால் பணம் திரும்ப வருமா?