வட்டி இறங்கினால் ஒரு கணக்கு, வங்கி சாய்ந்தால் வேறு கணக்கு: பினாங்குச் சேமிப்பாளருக்கு ஓர் அலசல்

2025 ஜூலை 9ஆம் தேதி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, நாட்டின் கடன், வைப்பு வட்டிகளுக்கு அடிப்படையான ஓபிஆர் என்ற கொள்கை வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காட்டுக்கு இறக்கியது. கால் விழுக்காடுதான். ஆனாலும் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் வேலை ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இரண்டு கவலைகள் ஒரே மூச்சில் வரும்: "எஃப்டி வட்டி குறையுதாமே", "பேங்க்ல காசு பத்திரமா இருக்குமா?" வட்டி இறங்குவதால் அடிபடும் முதலீடு ஒன்று, வங்கி ஆட்டம் கண்டால் அடிபடும் முதலீடு வேறொன்று. எஃப்டி என்ற நிரந்தர வைப்பு, இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதி, கடன்பத்திரங்களை வாங்கும் பாண்டு நிதி, வங்கிப் பங்கு எல்லாவற்றையும் இந்த இரண்டு உரைகல்லிலும் தனித்தனியே உரசிப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஆபத்தும் ஒன்றாகச் சேர்ந்த கதையும் உண்டு. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த அமெரிக்க வட்டி, 2023 ஜூலைக்குள் 5.25–5.50 விழுக்காட்டுக்கு ஏறியது. வட்டி மலிவாக இருந்தபோது நீண்டகாலப் பத்திரங்களை வாங்கிக் குவித்திருந்த சிலிக்கான் வேலி வங்கி நடுவில் மாட்டிக்கொண்டது. புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது பழையதை யார் முழு விலைக்கு வாங்குவார்? பத்திரங்களை விற்றதில் 1.8 பில்லியன் டாலர் நட்டம் என்று அந்த வங்கி அறிவித்த மறுநாள், 2023 மார்ச் 9 அன்று, வாடிக்கையாளர்கள் ஒரே நாளில் 42 பில்லியன் டாலரை எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் வங்கி மூடப்பட்டது. அங்கிருந்த வைப்புத்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காப்புறுதி இல்லாத பணம். ஓடாமல் என்ன செய்வார்கள்?

நம் பக்கம் நிலைமை அப்படி இல்லை. 1.75 விழுக்காட்டில் கிடந்த ஓபிஆர், 2022 மே முதல் 2023 மே வரை படிப்படியாக 3.00க்கு ஏறியது, ஆக மொத்தம் ஒன்றேகால் விழுக்காடு. இங்கே வீட்டுக்கடன்களில் பெரும்பகுதி ஓபிஆரோடு ஏறி இறங்கும் மிதக்கும் வட்டி என்பதால், விகிதம் ஏறும்போது வங்கியின் வருமானமும் கூடவே ஏறுகிறது. வங்கிக்கு இது கவசம். ஆனால் கவசத்தின் எடையைத் தூக்குவது கடன் வாங்கிய நாம்தான். அந்தக் கணக்குக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் எஃப்டி. வங்கி சாய்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறு எதிலும் இல்லை. பிடிம் எனப்படும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை, அசலும் வட்டியும் சேர்த்து, காப்புறுதி தருகிறது. சாதாரண வைப்புக்கு ஒரு 250,000, இஸ்லாமிய முறை வைப்புக்குத் தனியாக ஒரு 250,000. கூட்டுக் கணக்குக்கும் தனி வரம்பு. வீடு விற்ற பணத்தை மொத்தமாக ஒரே வங்கியில் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரளுபவர்கள், ஒரு வங்கியில் 250,000க்கு மேல் போகாதபடி பணத்தைப் பிரித்து வைத்தாலே போதும்.

வட்டி உரைகல்லில்தான் எஃப்டி தேய்கிறது. போட்ட தவணை முடியும்வரை பழைய விகிதம் நிற்கும். புதுப்பிக்கும் நாளில்தான் அடி. ஒரு லட்சம் வெள்ளிக்குக் கால் விழுக்காடு என்றால் வருடத்துக்கு 250 வெள்ளி. இது பெரிய அடியா என்று கேட்பீர்கள். 2020 ஜூலையில் ஓபிஆர் 1.75க்கு வந்தபோது எஃப்டி வட்டியை மட்டும் நம்பி மாதச் செலவை ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். தவணையை உடைத்து வேறு இடத்துக்கு ஓடலாம் என்றால், இடையில் எடுத்தால் வட்டியே கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். எஃப்டி வட்டி இறங்கும் காலத்தில்தான் "கூட்டுறவில் போடு, இரண்டு மடங்கு கிடைக்கும்" என்று யாராவது வீடு தேடி வருவார்கள். பிடிம் காப்புறுதி, உறுப்பினராக உள்ள வணிக வங்கிகளுக்கும் இஸ்லாமிய வங்கிகளுக்கும்தான். கூட்டுறவுச் சங்கத்துக்கு இல்லை. 1986ல் பொதுமக்களிடம் வைப்பு வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டன. பினாங்கில் அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளலாம்.

எஃப்டிக்கு நேர் எதிர் பாண்டு நிதி. வட்டி இறங்கினால் இதற்குக் கொண்டாட்டம். 4 விழுக்காடு தரும் பத்தாண்டுப் பத்திரம் ஒன்று கையில் இருக்கிறது. சந்தை வட்டி 5க்கு ஏறினால் அதன் விலை ஏறக்குறைய 8 விழுக்காடு சரியும். 3க்கு இறங்கினால் அதே அளவோ கொஞ்சம் கூடவோ ஏறும். சிலிக்கான் வேலி வங்கியைச் சாய்த்த அதே கணக்குதான், உங்கள் பெயரில் சின்ன அளவில். பிடிம் இதைத் தொடாது. யூனிட் டிரஸ்ட் எதுவுமே அதன் காப்புறுதிக்குள் வராது. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அதுவும் வைப்புத்தொகைதான் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் கணிப்பில், மூன்று நான்கு வருடம் தொட வேண்டியிராத பணத்துக்கு மட்டுமே இது. வட்டி இறங்கிய செய்தியைப் படித்துவிட்டு ஓடிப்போய் வாங்குவதில் பெரிய லாபம் இராது. சந்தை அதை முன்கூட்டியே விலையில் சேர்த்திருக்கும்.

சரி, இபிஎஃப். ஓபிஆர் 1.75க்கு இறங்கிய 2020ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் சாதாரணக் கணக்குக்கு 5.20 விழுக்காடு தந்தது. 2022க்கு 5.35. 2024க்கு 6.30. வட்டிக் கொள்கை மேலும் கீழும் ஆடியபோது இந்த எண்கள் அதே அளவு ஆடவில்லை, ஏனென்றால் இபிஎஃப் பணம் உள்நாட்டு, வெளிநாட்டுப் பங்குகள், பத்திரங்கள், நிலபுலன் என்று பரவிக் கிடக்கிறது. சாதாரணக் கணக்குக்குக் குறைந்தபட்சம் 2.5 விழுக்காடு சட்டப்படி உத்தரவாதம். இஸ்லாமிய முறையிலான ஷரியா கணக்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. சம்பளத்தில் பிடிப்பது போக, நாமாக வருடத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை போடலாம். 2023க்கு முன் அந்த வரம்பு 60,000.

அப்படியானால் எஃப்டியை மூடிவிட்டு எல்லாவற்றையும் இங்கே கொட்டலாமா? 60 வயதைத் தாண்டியவருக்கு என் பதில் ஏறக்குறைய ஆமாம். பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். 2024 மே முதல் போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்குக்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்குக்கும், 10 விழுக்காடு மட்டும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்கும் போகிறது. பத்தாயிரம் போட்டால் அவசரத்துக்குக் கையில் வருவது ஆயிரம். வேலை போனாலும் கார் பழுதானாலும் அந்த ஆயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆறு மாதச் செலவுக்கான பணம் எஃப்டியில்தான் இருக்க வேண்டும், வட்டி எவ்வளவு இளைத்தாலும்.

வங்கிப் பங்குகளை விரும்புபவர்கள் நம்மில் நிறைய. மேபேங்க், பப்ளிக் பேங்க் பங்கு வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் குறைவு. டிவிடெண்ட் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் இரண்டு உரைகல்லிலும் ஒருசேரத் தேய்வது இது ஒன்றுதான். ஓபிஆர் இறங்கினால் கடன் வட்டி உடனே குறைகிறது, எஃப்டிக்குக் கொடுக்கும் வட்டி தவணை முடிந்தபிறகே குறைகிறது. நடுவில் வங்கியின் லாபம் சுருங்குகிறது. வங்கியே சாய்ந்தால் பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். அதுவும் எப்போதும் சொன்னபடி நடப்பதில்லை: 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ்ஸை யூபிஎஸ் வாங்கியபோது பங்குதாரர்களுக்குக் கொஞ்சமாவது கிடைத்தது, வரிசையில் அவர்களுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஏடி1 என்ற வங்கிக் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களின் சுமார் 16 பில்லியன் பிராங்க் ஒரே இரவில் பூஜ்யமானது. "பேங்க் பத்திரம், நல்ல வட்டி" என்று யாராவது நீட்டினால் அது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்டில் யூனிட் கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். விலை ஒரு ரிங்கிட்டில் நிற்கும், கிடைப்பதுதான் பாடு. தங்கத்தைப் பொறுத்தவரை, லிட்டில் இந்தியா நகைக்கடையில் கூலி கொடுத்து வாங்கும் வளையலை முதலீட்டுக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வருவதில்லை. வங்கியில் திறக்கும் தங்கக் கணக்குக்கும் பிடிம் காப்புறுதி கிடையாது.

இப்போது அந்த வீட்டுக்கடன். ஐந்து லட்சம் ரிங்கிட், முப்பது வருடம் என்றால் கால் விழுக்காடு குறைந்ததில் மாதத் தவணை சுமார் 70 வெள்ளி இறங்கும். கடனுக்கு 4 விழுக்காடு கட்டிக்கொண்டு, மறுபக்கம் அதைவிடக் குறைந்த வட்டிக்கு எஃப்டி வைத்திருப்பவர் வங்கிக்குத்தான் உதவுகிறார். ஃப்ளெக்சி கடன் என்றால் உபரிப் பணத்தை அந்தக் கணக்கிலேயே போட்டு வையுங்கள். வேண்டும்போது எடுக்கலாம், கிடக்கும் நாள்வரை அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது. ஓபிஆர் திரும்ப ஏறினால் இந்த மிச்சமும் ஏறும். சாதாரணத் தவணைக் கடன் என்றால் கூடுதலாகக் கட்டும் பணம் அசலில் கழிகிறதா, இல்லை அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக நிற்கிறதா என்று கிளையில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.