பவர் பத்திரமா, ஜாயின்ட் அக்கவுண்ட்டா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ உடம்பு முடியாமல் போனதும், அவர்கள் பணத்தை நாம் பார்த்துக்கொள்ள முதலில் தோன்றுவது ஜாயின்ட் அக்கவுண்ட்தான். பேங்கில் ஒரு படிவம், இரண்டு கையெழுத்து, வேலை முடிந்தது. ஆனால் உங்கள் பெயர் ஏறியதும் நீங்களும் கணக்குதாரர், உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அந்தப் பணத்தில் கை வைக்கப் பார்க்கலாம், பெற்றவர் காலமான பிறகு மீதி யாருக்கு என்று கூடப்பிறந்தவர்களோடு மனக்கசப்பும் வரலாம்.

பவர் பத்திரம் என்றால் தன் சார்பில் காரியம் பார்க்க ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது. அதில் அலைச்சல் அதிகம். ஆனால் பணம் அவருடையதாகவே இருக்கும், நீங்கள் அவருக்காகக் கையெழுத்துப் போடும் ஆள் மட்டும்தான். இன்சூரன்ஸ், வரி, வாடகை என்று ஒரு கணக்கைத் தாண்டியும் பார்த்துக்கொள்ளலாம், எதுவரை செய்யலாம் என்பதை அவரே எழுதி வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், அவர் தெளிவாக இருக்கும்போதே எழுதியாக வேண்டும். நினைவு தப்பிய பிறகு கோர்ட்டில் காப்பாளர் நியமனம் கேட்டு நடக்க வேண்டியதுதான். சாதாரண பவர் பல நாடுகளில் அவர் மனத்திறன் இழந்ததுமே செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகும் செல்லும் வகை உங்கள் நாட்டுச் சட்டத்தில் உண்டா என்று வக்கீலிடம் முதலில் இதைத்தான் கேளுங்கள்.

என் ஓட்டு பவருக்கு. மருந்துச் செலவுக்கு மட்டும் சின்னத் தொகையோடு ஜாயின்ட் அக்கவுண்ட் ஒன்று இருந்தால் போதும். அப்புறம் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள், கணக்குக் கேட்க ஒரு அண்ணனோ தங்கையோ கண்டிப்பாக வருவார்கள்.