சாவிப் பூட்டா, மின்னிலக்கப் பூட்டா: வீவக வீட்டு வாசலுக்கு எது பொருந்தும்?

பூட்டு வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அதன் வெளிப்பக்கத்தையே ஆராய்கிறார்கள். உட்பக்கத்தை முதலில் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தீப்பிடித்தால் வெளியேறுவதற்கு உள்ள வழி அந்த ஒரு வாசல்தான் என்பதால், புகைக்கு நடுவே சாவியைத் தேடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

அந்த வகையில், இரும்புக் கேட்டின் உட்புறம் இரவில் மாட்டப்படும் தொங்கு பூட்டை நான் அடியோடு நிராகரிக்கிறேன். கதவு விளிம்புக்குள் பதிக்கப்படும் மோர்டிஸ் பூட்டில், இருபுறமும் சாவித்துளை உள்ள சிலிண்டரை (சாவி நுழையும் உருளைப் பகுதியை) தவிர்த்து, உட்புறம் கையால் திருகக்கூடிய பிடி கொண்டதை வாங்க வேண்டும். சிலிண்டர் தகட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால் இடுக்கியால் பற்றி முறிப்பது எளிதாகிவிடும். மின்னிலக்கப் பூட்டு கதவைச் சாத்தியதும் தானாகவே பூட்டிக்கொள்வதோடு, உள்ளிருந்து கைப்பிடியை இயக்கினாலே திறந்துகொள்ளும் என்பதால் இங்கே முந்துகிறது. ஆனாலும் அந்தக் கைப்பிடியைக் கடையிலேயே இயக்கிப் பாருங்கள்.

புதுப்பிப்புப் பணி முடிந்து ஒப்பந்தக்காரர் விடைபெறும்போதோ, இல்லப் பணிப்பெண் மாறும்போதோ, மின்னிலக்கப் பூட்டில் பழைய கடவு எண்ணையும் கைரேகையையும் நீக்கினால் போதும். சாவிப் பூட்டிலும் இது பலர் நினைப்பதுபோல் பெரும் செலவன்று. கதவைத் திறந்து, சிலிண்டருக்கு நேராக விளிம்பில் இருக்கும் நீண்ட திருகாணியைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் சிலிண்டர் மட்டும் வெளியே வந்துவிடும். அதே நீளத்தில் புதியதைப் பொருத்தினால் பழைய சாவிகள் பயனற்றுப் போகும்.

முதியோர் வாழும் வீட்டில் கைரேகையை மட்டும் நம்ப வேண்டாம், ஏனெனில் வறண்டு தேய்ந்த விரல்களைக் கருவி அடிக்கடி ஏற்க மறுக்கும். மின்கலம் தீர்ந்துபோனால் வெளியிலிருந்து 9 வோல்ட் மின்கலத்தை வைத்தோ யுஎஸ்பி வழியாகவோ மின்சாரம் கொடுக்கும் வசதி பல பூட்டுகளில் உண்டு என்றாலும், அவசரச் சாவித்துளையும் உள்ளதையே நான் தேர்ந்தெடுப்பேன். அந்தச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பயனில்லை, நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

பராமரிப்பில் சாவிப் பூட்டு எளிது: இறுகினால் கிராஃபைட் தூள் போதும், சமையல் எண்ணெய் தூசியைச் சேர்த்து அடைத்துவிடும்.

உங்கள் மரக்கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால், அத்தகைய கதவுக்கெனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட பூட்டையே பொருத்த வேண்டும். கண்டபடி துளையிட்டால் கதவின் தீத்தாங்கும் திறன் கெட்டுவிடும் என்பதால், துளைக் கருவியை எடுக்கும் முன்பே பொருத்துநரிடம் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.