கிளிண்டமைசின் ஜெல்: ஒன்பது மாதம் தவறாக, மூன்று மாதம் சரியாக

முகப்பருவுக்குக் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல் பூசுகிறவர்கள் பலரும் முதல் மாதத்திலேயே அனுபவத்தை எழுதிவிடுகிறார்கள். நானும் அப்போதே எழுதியிருந்தால் "அருமையாகக் கேட்கிறது, உடனே வாங்குங்கள்" என்றுதான் எழுதியிருப்பேன். இதை எழுதுவது மூன்று வருடம் கழித்து. அந்த மூன்று வருடத்தில் அதே மருந்து ஒருமுறை என்னைக் கைவிட்டது, ஒருமுறை காப்பாற்றியது. மருந்து மாறவில்லை, நான் பூசிய விதம்தான் மாறியது.

தொடங்கியது 2022 ஜூனில். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருந்தேன், வயது 23. இரண்டு கன்னத்திலும் தாடையோரமும் சீழ் வைத்த சிவப்புப் பருக்கள், நெற்றி முழுக்க மணல் தூவியது போலச் சின்னச் சின்னப் பொடிப்பருக்கள். கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் ட்யூப் பெயரை எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில் சீட்டைக் காட்டினேன், எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்துக்குத்தான் அந்தக் கோடு என்று அப்போது எனக்குத் தெரியாது. கடைக்காரரும் சொல்லவில்லை.

ஒரு சதவீத ஜெல், 20 கிராம் ட்யூப். பூசினால் குளுகுளுவென்று இருக்கும், ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும், எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. கிள்ளிப் புண்ணான பரு மேல் பட்டால் மட்டும் சுரீரென்று எரியும். ஆறு வாரத்தில் சிவப்புப் பருக்கள் நன்றாக அடங்கிவிட்டன. அம்மாவே என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து "பரவாயில்லடி" என்றார். ஆனால் நெற்றிப் பொடிப்பரு ஒன்றுகூட அசையவில்லை. அதைக் கவனித்தேன், ஏன் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் புதுப் பருக்கள் தலைகாட்டின. மருந்து போதவில்லை என்று நினைத்து இரண்டு வேளையை மூன்று வேளையாக்கினேன். முகம் தெளிந்தால் பத்து நாள் நிறுத்துவேன், மறுபடி வந்தால் மறுபடி பூசுவேன். அதுவும் பரு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பொட்டு. கல்லூரியில் படிக்கும் தம்பிக்கும் பரு வர, என் ட்யூபையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்பதாம் மாதம் கண்ணாடியில் பார்த்த முகம், தொடங்கிய நாளைவிட மோசம்.

2023 மார்ச்சில் தோல் டாக்டரிடம் போனேன். பூசுவதை எல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். சுருட்டிச் சுருட்டி வால் மட்டும் மிஞ்சிய ட்யூபை மேசையில் வைத்தேன்.

"இதோட வேற என்னம்மா போடுற?"

"வேற ஒண்ணும் இல்லைங்க டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ஒன்பது மாசமாங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கால் மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அதை என் வார்த்தையில் சொல்கிறேன்.

பரு உண்டாவது ரோமக்கால் அடைபடுவதால். உள்ளே எண்ணெய் தேங்குகிறது, அங்கே எப்போதும் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா பெருகுகிறது, சிவந்து வீங்குகிறது. கிளிண்டமைசின் அந்தப் பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் தடுக்கிறது, வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கிறது. அடைப்பைத் திறக்கும் வேலை அதற்குத் தெரியாது. என் நெற்றி அசையாததற்குக் காரணம் இதுதான். இன்னொன்று, தனியாக மாதக்கணக்கில் பூசினால் மருந்துக்கு மடங்காத பாக்டீரியாக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். அப்புறம் மூன்று வேளை பூசினாலும் ஆறு வேளை பூசினாலும் ஒன்றுதான். முகப் பாக்டீரியாவோடு விஷயம் முடிவதுமில்லை. தோலிலும் மூக்கிலும் இருக்கும் மற்றக் கிருமிகளும் மருந்துக்குப் பழகிவிடும், ஒரே வீட்டில் புழங்குகிறவர்களுக்கும் அவை தொற்றும். நாளைக்கு வேறு ஏதாவது புண்ணுக்கு இந்த வகை மருந்து தேவைப்படும்போது அது கேட்காமல் போகலாம். எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கும் இதுவும் கிருமியில் ஒரே இடத்தைத் தாக்குவதால் ஒன்றுக்கு மடங்காதது பெரும்பாலும் மற்றதற்கும் மடங்காது. தம்பிக்கு ட்யூபைக் கொடுத்ததை நினைத்து உண்மையிலேயே பயந்துபோனேன்.

புதுச் சீட்டில் கிளிண்டமைசின் மறுபடியும் இருந்தது, ஆனால் தனியாக இல்லை. காலையில் கிளிண்டமைசினும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்த ஜெல், இரவில் அடாப்பலீன் 0.1 சதவீதம். பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனை வெளியிட்டுக் கிருமியை நேராக அழிக்கிறது. அதற்கு எதிராகப் பாக்டீரியா பழகிக்கொண்டதாக இதுவரை தெரியவில்லை. ஆன்டிபயாட்டிக்குக்குத் தப்பியது இதனிடம் மாட்டும். அடைப்பைத் திறப்பது அடாப்பலீனின் வேலை. சீட்டின் அடியில் "12 வாரம், பிறகு நிறுத்தவும்" என்று கோடு போட்டு எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சீட்டிலேயே முக்கியமான வரி அதுதான்.

பூசும் முறையையும் அவரே செய்து காட்டினார். ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரண்டு கன்னம், மூக்கு, தாடை என்று ஐந்து புள்ளி வைத்து முகம் முழுக்க மெல்லிதாகப் பரப்ப வேண்டும். பரு மேல் மட்டும் வைத்தால் நாளை வரப்போகும் பரு தப்பித்துவிடும். கண், உதடு, மூக்கோரம் தள்ளி. கழுவிய முகம் நன்றாக உலர்ந்த பிறகு, கழுவிய கையால். காலை ஜெல் காய்ந்ததும் அதன்மேல் சன்ஸ்கிரீன். மதுரை வெயிலில் இதை விட்டால் கன்னம் காந்தும், பரு விட்டுப்போன கறையும் கருத்துப்போகும்.

முதல் மூன்று வாரம் கஷ்டமான காலம், மறைக்க விரும்பவில்லை. வாயோரம் தோல் உரிந்தது, சாம்பார் பட்டால்கூட எரிந்தது. நெற்றியில் கொஞ்சம் அதிகமாகவே கிளம்பியது. ஃபோன் செய்து கேட்டேன். அடாப்பலீனை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கி, முதலில் மாய்ஸ்சரைசர் போட்டு அதன்மேல் பூசச் சொன்னார். மூக்கோரத்திலும் வாயோரத்திலும் முன்கூட்டியே வாஸ்லின் தடவினேன். ஒரு வாரத்தில் எரிச்சல் அடங்கிவிட்டது. அந்த மூன்று வாரத்தில் "ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். வெறும் உலர்வு என்றால் இப்படிச் சமாளிக்கலாம். முகம் வீங்கினாலோ, தடிப்புத் தடிப்பாக அரித்தாலோ அது அலர்ஜி, உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

துணி விஷயத்தை யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும். என் கருநீலத் துண்டில் நான் முகம் ஒற்றும் இடம் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாக மாறியது. துவைத்தால் போகவில்லை, அது கறையே இல்லை, சாயம் போன இடம். மெரூன் சுடிதாரின் கழுத்துப் பட்டியும் அப்படியே போயிற்று. அதிலிருந்து வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை. ஜெல் காய்ந்த பிறகுதான் உடை மாற்றுகிறேன்.

டாக்டர் முதல் நாள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு அப்போது காரணம் புரியவில்லை. ஒன்று, பெருங்குடல் அழற்சி ஏதாவது உண்டா, முன்பு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கடும் வயிற்றுப்போக்கு வந்ததுண்டா என்பது. கிளிண்டமைசின் குடலில் கெட்ட கிருமி பெருக வழிவிட்டு மோசமான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரக்கூடியது. மாத்திரையில் அந்த ஆபத்து அதிகம், முகத்தில் பூசும்போது மிக அரிது, ஆனாலும் முன்பு அப்படி வந்தவர்களுக்கு ஜெல்லும் கூடாது. பூசும் காலத்தில் வயிறு கட்டுக்கடங்காமல் போனாலோ இரத்தம் கலந்து போனாலோ, வயிற்றைக் கட்டும் மாத்திரையைத் தானாக விழுங்காமல் ஜெல்லை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகச் சொன்னார். இரண்டாவது கேள்வி, மாதவிலக்கு சீராக வருகிறதா, குழந்தைக்குத் திட்டமிடுகிறாயா என்பது. மாதவிலக்கு தள்ளிப்போய் தாடையோரம் பருவும் முடியும் வந்தால் ஹார்மோன் பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். கர்ப்ப காலத்தில் அடாப்பலீன் கூடாது.

இங்கே சித்தி பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவளுக்கு ஒரு கடையில் "பருவுக்கும் கறைக்கும் ஒரே க்ரீம்" என்று கொடுத்தார்கள். மூன்றே நாளில் முகம் பளபளத்தது. இரண்டு மாதத்தில் வெயிலில் நின்றாலே கன்னம் செக்கச்செவேலென்று எரிந்தது, நிறுத்தினால் பரு கொத்துக் கொத்தாக வந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. க்ரீம் வாங்கும்போது கலவைப் பெயர்களைப் படித்து, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் பருவுக்குத் தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எட்டாம் வாரம் நெற்றியைத் தடவினால் வழவழப்பாக இருந்தது. பன்னிரண்டாம் வாரம் தாடையில் இரண்டு பரு மட்டும் மிச்சம். நன்றாகக் கேட்கும் மருந்தை நிறுத்த மனமே வரவில்லை, "இன்னும் ஒரே ஒரு ட்யூப்" என்று கேட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார். ஆன்டிபயாட்டிக் போயிற்று, இரவு அடாப்பலீன் மட்டும் தொடர்ந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கும் நாளில் அது நெற்றியில் வழியாமல் பார்த்துக்கொள்கிறேன். இப்போது மாதத்துக்கு ஒன்றிரண்டு பரு வரும், அதுவும் மாதவிலக்கையொட்டி, வந்த வழியே போய்விடும். பழைய குழிகள் நான்கைந்து கன்னத்தில் இருக்கின்றன. அவை எந்த ஜெல்லுக்கும் போகாது, அந்த வீணான ஒன்பது மாதத்தில் வந்தவை.

தம்பியைப் போன மாதம் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவனுக்கும் சேர்ந்த ஜெல்தான், 12 வாரம்தான். வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியின் மேல் மார்க்கரால் நிறுத்த வேண்டிய தேதியைப் பெரிதாக எழுதி, அவன் பல் துலக்கும் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டும்.