கிருஷ்ணகிரி வழக்கறிஞரின் மேசையில் இந்தியன் கானூன்: ஒரு மதிப்புரை

சுஷாந்த் சின்ஹா 2008-இல் தொடங்கிய இந்தியன் கானூன் தளத்தில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள், பல தீர்ப்பாயங்கள் ஆகியவற்றின் தீர்ப்புகளையும் மத்தியச் சட்டங்களையும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம். பெரிய சட்ட நூலகங்களுக்குப் பக்கத்தில் தொழில் செய்வோரைவிட, கிருஷ்ணகிரி, தருமபுரி, ஊத்தங்கரை, அரூர் போன்ற ஊர்களில் சிவில் வழக்குகளை நடத்துவோருக்கே இதன் பயன் மிகுதி என்பது என் கருத்து. சட்ட இதழ்களின் பழைய தொகுதிகளை ஓர் இளம் வழக்கறிஞர் சொந்தமாக வாங்கிச் சேர்ப்பது எளிதன்று. சீனியரின் அலமாரியையோ வழக்கறிஞர் சங்க நூலகத்தையோ மட்டும் நம்பியிருந்த நிலையை இத்தளம் பெருமளவு மாற்றியிருக்கிறது.

ஆயினும், ஒரு சொத்து வழக்குக்கு நாம் தேடும் தகவல்களில் பெரும்பகுதி சட்டமே அல்ல என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, அ-பதிவேடு (கிராம நிலங்களின் விவரப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) ஆகியவற்றைத் தேடியெடுப்பதே முதல் வேலை. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரியும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்த வரலாற்றால் பழைய ஆவணங்களில் மாவட்டத்தின் பெயரே வேறாக இருக்கும். இவற்றுக்குப் பதிவுத்துறை, வருவாய்த்துறைத் தளங்களையும் அலுவலகங்களையும்தான் நாட வேண்டும். வழக்கின் நிலையை அறிய ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்க்க வேண்டும். இந்தியன் கானூன் உதவுவது இவற்றுக்கு அடுத்து எழும் சட்டக் கேள்விக்கு.

அக்கேள்வி தெளிவாக இருக்கும்போது இத்தளம் மிகச் சிறப்பாக இயங்குகிறது. தேடும் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தை மட்டும் தெரிவு செய்து, அண்மைத் தீர்ப்புகள் முதலில் வருமாறு வரிசைப்படுத்தினால், காசோலை திரும்பிய வழக்கில் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு கூறும் அறிவிப்புக் காலம் போன்றவற்றைக் காலையில் நீதிமன்றம் கூடுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள முடியும்.

கேள்வியே இன்னும் உருவாகாத வழக்குகளில் நிலைமை வேறு. தகவல் தேடலை ஆராய்ந்த கரோல் குல்தாவும் தாமாவும் அமெரிக்காவில் வழக்கறிஞர்களை நேர்காணல் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலான வழக்குகளுக்கு வழக்கறிஞர்கள் கணினித் தரவுத்தளங்களைவிட அச்சு நூல்களையே விரும்பினர் என்று பதிவாகியுள்ளது. தரவுத்தளம் துல்லியமான கேள்வியை முன்கூட்டியே கேட்கிறது என்பதும், பலவற்றை ஒருசேரப் பரப்பிப் பார்க்க அது இடம் தரவில்லை என்பதும் அந்த வழக்கறிஞர்கள் கூறிய காரணங்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தியன் கானூனைப் பயன்படுத்தும்போது அக்காரணங்கள் எனக்குச் சரியாகவே படுகின்றன. ஒரு மாந்தோப்பைப் பற்றிய வழக்கில் எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தை நெடுங்காலம் தம்முடையதாக அனுபவித்ததால் கோரும் உரிமை) என்று வாதிடுவதா, குடும்ப ஏற்பாடு (குடும்பத்தினர் தமக்குள் செய்துகொண்ட சொத்து உடன்பாடு) என்று வாதிடுவதா என்பதே முடிவாகாதபோது, தேடுபெட்டியில் எதை இடுவது? அப்போது உரைநூலின் ஓர் அத்தியாயத்தை முழுவதும் படிப்பதும், அனுபவம் மிக்க சீனியரிடம் வழக்குக் கட்டைக் கொடுத்துக் கேட்பதுமே வழிகாட்டுகின்றன.

இத்தளத்தின் தலைசிறந்த வசதி, ஒவ்வொரு தீர்ப்பும் எவற்றை மேற்கோள் காட்டியது, பின்னர் எந்தத் தீர்ப்புகள் அதை மேற்கோள் காட்டின என்ற இரு பட்டியல்கள். மகள்களின் கூட்டுக்குடும்பச் சொத்துரிமை இதற்கு நல்ல சான்று. மகள்களுக்கும் மகன்களைப் போல் அவ்வுரிமை தந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தந்தையும் மகளும் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று பிரகாஷ் எதிர் புலவதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2015-இல் கூறியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் மூவர் அமர்வு 11.8.2020 அன்று தீர்ப்பளித்து முந்தையதை நீக்கியது. பழைய தீர்ப்பின் வாசகத்தை மட்டும் படிப்பவருக்கு அது செல்லாமல் போனது தெரியாது. இரண்டாம் பட்டியலைத் திறந்து பார்ப்பவருக்கே தெரியும். அதைத் திறக்காமல் எந்த ஜூனியரும் வாதுரை எழுதக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களால் பிரிவின் எண்ணைக் கொண்டு தேடுவதும் கவனத்துக்குரியதாகிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைப் பற்றியது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீனைக் குறிக்கிறது, உள்ளார்ந்த அதிகாரமோ 528-ஆம் பிரிவுக்குச் சென்றுவிட்டது. எனவே எண்ணுடன் சட்டத்தின் பெயரையும் சேர்த்தே தேட வேண்டும்.

நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பிரதிக்கு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பாயின், 2023 ஜனவரியில் தொடங்கப்பட்டு இலவசமாகவே கிடைக்கும், உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுதிகளின் மின்வடிவமான இ-எஸ்.சி.ஆர். தளத்தின் பக்கங்களையே அச்சிடுவது முறை. அதிகாரபூர்வத் தொகுதியின் பக்க எண்ணும் தலைக்குறிப்பும் அதில் உள்ளன. தேடுவதற்கு இந்தியன் கானூன், தாக்கல் செய்வதற்கு இ-எஸ்.சி.ஆர். என்ற ஒழுங்கையே என் அலுவலகத்தில் கடைப்பிடிக்கிறோம்.