டைனமோவா, சார்ஜ் லைற்றா?

பரந்தன், மாங்குளம் பக்கம் ரியூசன் முடிந்து இருட்டியபின் பிள்ளைகள் ஏ9 வீதியால்தான் சைக்கிளில் வருகிறார்கள். பின்னால் டிப்பரும் யாழ்ப்பாண பஸ்ஸும். சில்லு சுற்ற எரியும் டைனமோ லைற்றா, சார்ஜ் ஏற்றிப் பாவிக்கும் பற்றறி லைற்றா, எதைப் பூட்டுவது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இது.

செலவு: டைனமோவுக்கு ஒருமுறை கொடுத்தால் சரி. சார்ஜ் லைற்றில் பற்றறி நாளடைவில் சார்ஜ் பிடிக்காமல் போக, புதிது வாங்க வேண்டிவரும்.

உழைப்பு: டைனமோ வருடக்கணக்கில் உழைக்கும், வயர் அறுந்தால் சந்திக் கடையிலேயே ஒட்டலாம். மலிவான சார்ஜ் லைற்றுக்குள் மழைத்தண்ணி போனால் முடிந்தது.

மிதிப்பது: டைனமோ ரயரில் உரசுவதால் கால் இழுக்கும். மாரியில் கிரவல் சேறு அப்பினால் வழுக்கி வெளிச்சம் மங்கும்.

மற்றவருக்குத் தெரிவது: இதுதான் முக்கியம். சாதாரண டைனமோ சில்லு சுற்றினால்தான் எரியும். வலப்பக்கம் திரும்ப நடுவீதியில் நிற்கும்போதும், படுத்திருக்கும் மாட்டுக்காக நிறுத்தும்போதும் அணைந்துவிடும். ஆபத்துக் கூடிய நேரமே அதுதான். சார்ஜ் லைற் நின்றாலும் எரியும். பின்னால் சிவப்பு மினுங்கினால் லொறிக்காரர் தூரத்திலேயே கண்டு விலத்துவார்.

ஆகவே ஏ9 ஆல் போகும் பிள்ளைக்குப் பின்பக்கம் சிவப்பு சார்ஜ் லைற் கட்டாயம். இரணைமடு வாய்க்கால் வீதிகளால் வயலுக்குப் போகும் ஐயாமாருக்கு டைனமோ போதும். அவர்களுக்குப் பள்ளமும் பாம்பும் தெரிந்தால் சரி. இரண்டுக்கும் வசதியில்லையா? பின் மட்கார்ட்டில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் சிவப்பு ஸ்ரிக்கராவது ஒட்டிவிடுங்கள். வாகனம் ஓட்டுபவர்களும் எதிரே சைக்கிள் வந்தால் ஹெட்லைற்றைத் தாழ்த்துங்கள்.